துரோகியின் முகமும் நிறுவனத்தின் கையும்: ஸ்ரீரங்கப்பட்டண வீழ்ச்சியை முன்வைத்துத் திரைப்படங்களில் சுரண்டலின் சித்திரிப்பு

முன்னுரை

காவிரி இரு கிளைகளாகப் பிரிந்து தழுவும் மூன்று அரங்கங்களுள் ஆதியரங்கம் எனப் போற்றப்படுவது ஸ்ரீரங்கப்பட்டணம். மைசூரை அடுத்துள்ள இத்தீவுநகரம் தமிழர்க்கு வைணவத் தலமாக அறிமுகமானது. வரலாற்று மாணவர்க்கோ 1799 மே 4 அன்று திப்பு சுல்தான் வீழ்ந்துபட்ட கோட்டையாக அறிமுகமானது. அவ்வீழ்ச்சியை விளக்குமாறு கேட்டால் பெரும்பாலோர் தரும் விடை ஒரே பெயரில் அடங்கிவிடுகிறது: மீர் சாதிக். கோட்டையைத் தாக்கியது ஒரு வணிக நிறுவனத்தின் படை என்பதும், அந்நிறுவனத்துக்குப் பங்குதாரரும் இயக்குநர் குழுவும் இலாபக் கணக்கும் இருந்தன என்பதும் அவ்விடையில் இடம்பெறுவதில்லை.

இவ்விடுபாடு தற்செயலானதன்று. மக்கள் வரலாற்றைப் பெரிதும் கற்பது காட்சிக்கலைகளின் வழியாகவே. அக்கலைகள் சுரண்டலை எவ்வாறு காட்டுகின்றனவோ அவ்வாறே சமூகமும் அதனைப் புரிந்துகொள்கிறது. சுரண்டலுக்குக் காரணமாக ஒரு துரோகியைக் காட்டும் கதையமைப்பு, சுரண்டும் அமைப்பை எவ்வாறு கண்ணுக்குத் தெரியாததாக்குகிறது என்பதை ஸ்ரீரங்கப்பட்டண நிகழ்வை மையமாகக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிலம்பு தரும் அளவுகோல்

இவ்வாய்வுக்கு வேண்டிய அளவுகோல் தமிழ் மரபிலேயே உள்ளது. சிலப்பதிகாரத்தில் வஞ்சகம் செய்தவன் பொற்கொல்லன். ஆயினும் கண்ணகி அவனைத் தேடிச் செல்லவில்லை. அவள் செல்வது அரசவைக்கு, வழக்குரைப்பது அரியணையின்முன். ஒருவனின் பொய்யை ஆராயாமல் ஏற்றுத் தண்டனையாக மாற்றிய ஆட்சிமுறையே அவளது குற்றச்சாட்டுக்கு இலக்காகிறது. இதே காப்பியத்தில் பிறிதொரு விடையும் பதிவாகியுள்ளது. கொற்கையிலிருந்து வந்து ஆட்சிப் பொறுப்பேற்ற வெற்றிவேற்செழியன், ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டுச் சாந்தி செய்கிறான். அரியணை கேள்விக்குள்ளான இடத்தில், அரியணையைக் காத்துக்கொள்ளும் பொருட்டுக் குற்றம் வஞ்சகன்மீதும் அவனைச் சார்ந்த கூட்டத்தின்மீதும் மடைமாற்றப்படுகிறது.

இவ்விரண்டையும் கண்ணகியின் கேள்வி, செழியனின் விடை என வேறுபடுத்திக் கொள்ளலாம். முன்னது அமைப்பை நோக்கியது. பின்னது ஆளை நோக்கியது. முதலாளியச் சுரண்டலைச் சித்திரிக்கும் திரைப்படங்கள் இவ்விரண்டுள் எதனைத் தேர்கின்றன என்பதே இங்கு எழும் வினா.

காட்சிப்பொருளான ஸ்ரீரங்கப்பட்டணம்

திரைப்படம் தோன்றுவதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே ஸ்ரீரங்கப்பட்டணம் கட்டணம் செலுத்திக் காணும் காட்சியாக மாறிவிட்டது. கோட்டை வீழ்ந்த மறு ஆண்டில், 1800இல், இராபர்ட் கெர் போர்ட்டர் தீட்டிய மாபெரும் அகலத்திரை ஓவியம் இலண்டன் லைசியம் அரங்கில் காட்சிக்கு வைக்கப்பட்டது. பார்வையாளரைச் சூழ்ந்து நிற்குமாறு வளைவாக அமைக்கப்பட்ட அவ்வோவியத்தில் கோட்டைத் தாக்குதல் வீரச்செயலாக விரிந்தது. நிறுவனத்தின் வணிக நலன் போர்வீரனின் துணிவாக உருமாறிய இடம் அது. தொடர்ந்து, 1868இல் வெளிவந்த வில்கி காலின்சின் ‘மூன்ஸ்டோன்’ புதினமும் ஸ்ரீரங்கப்பட்டணச் சூறையிலிருந்தே தொடங்குகிறது. அங்கும் கொள்ளை என்பது நெறிதவறிய ஓர் அதிகாரியின் தனிக்குற்றமாகவே கதைப்படுத்தப்படுகிறது.

உண்மையில் சூறை தனிக்குற்றமாக நிகழவில்லை. அது முறைப்படி நிகழ்ந்தது. கைப்பற்றிய செல்வத்தை மதிப்பிடப் பரிசுப்பொருள் முகவர்கள் அமர்த்தப்பட்டனர். படைத்தலைவர் முதல் சிப்பாய் வரை பதவிக்கேற்பப் பங்கு வகுக்கப்பட்டது. திப்புவின் அரியணை பங்கிடுவதற்காகத் துண்டுகளாக்கப்பட்டது. அதன் புலித்தலை பிரித்தானிய அரச குடும்பத்தின் சேகரிப்பைச் சென்றடைந்தது. புகழ்பெற்ற ‘திப்புவின் புலி’ என்னும் இசைப்பொறி இன்று இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஆட்சியின் குறியீடாக நின்ற பொருள் எடைபோட்டுப் பங்கிடும் சரக்காக மாறும் இக்காட்சி, முதலாளியத்தின் இயல்பை விளக்கும் உருவகமாகவே அமைகிறது.

இதற்கு எதிர்நிலையில் ஸ்ரீரங்கப்பட்டணத்திலேயே ஒரு காட்சி உண்டு. 1784இல் கட்டப்பட்ட தரியா தௌலத் மாளிகையின் சுவரில், 1780ஆம் ஆண்டுப் பொள்ளிலூர்ப் போர் நெடிய ஓவியமாகத் தீட்டப்பட்டுள்ளது. கர்னல் பெய்லியின் படை சூழப்பட்டுத் தோற்கும் காட்சி அது. இலண்டன் ஓவியமும் இம்மாளிகை ஓவியமும் எதிரெதிர்த் தரப்பினவாயினும் ஒரு பண்பில் ஒன்றுபடுகின்றன. இரண்டிலும் படை தெரிகிறது, கணக்கேடு தெரிவதில்லை.

கணக்கேடு கூறும் வரலாறு

ஆங்கிலேயக் கிழக்கிந்திய நிறுவனம் 1600 திசம்பர் 31 அன்று பட்டயம் பெற்ற வணிகக் கூட்டு. அதன் போர்களைப் படைக்களத்தில் மட்டும் வைத்துப் புரிந்துகொள்ள இயலாது. 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு தம் நாட்டில் ஏறத்தாழப் பாதியை இழந்தார். 3 கோடியே 30 இலட்சம் ரூபாய் தண்டம் செலுத்த உடன்பட்டார். அதற்கு ஈடாகத் தம் மைந்தர் இருவரைப் பிணையாக அனுப்பினார். குழந்தைகளைக் காரன்வாலிசு கனிவுடன் வரவேற்பதாகத் தீட்டப்பட்ட ஓவியங்கள் இங்கிலாந்தில் பெரிதும் விரும்பப்பட்டன. கடனுக்கு ஈடாகப் பிள்ளைகளைப் பிடித்துவைத்த செயல், தந்தையன்பின் காட்சியாகத் தோற்றம் கொண்டது. கருத்தியல் செயற்படும் முறைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அவ்வுடன்படிக்கையின் விளைவு தமிழகத்தையும் தொட்டது. பாராமகாலும் திண்டுக்கல்லும் நிறுவனத்தின் கைக்கு வந்தன. பாராமகாலில் அலெக்சாண்டர் ரீடும் அவருக்குத் துணையாக இருந்த தாமசு மன்றோவும் மேற்கொண்ட வரித்தீர்வையே பின்னர் இரயத்துவாரி முறையாக விரிந்தது. அதே 1792இல் ஆர்க்காட்டு நவாபுடன் செய்துகொண்ட உடன்படிக்கையால் பாளையக்காரரிடம் கப்பம் தண்டும் உரிமையும் நிறுவனத்தைச் சேர்ந்தது. நவாபின் கடன், கடனுக்கு வட்டி, வட்டிக்கு வரி என்னும் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் உழவன் நின்றான். 1799க்குப் பின் மைசூர் அரசு ஆண்டுதோறும் 7 இலட்சம் வராகன் நிறுவனத்துக்குச் செலுத்தக் கடமைப்பட்டது. மீர் சாதிக் அன்றே மாண்டுபோனான். ஆண்டுத்தொகையோ அவனுக்குப் பின்னும் தொடர்ந்தது. துரோகியை மட்டும் காரணமாகக் கொள்ளும் விளக்கத்தின் போதாமையை இந்த ஓர் உண்மையே புலப்படுத்தும்.

எட்டப்பன் என்னும் பொதுப்பெயர்

திப்பு வீழ்ந்த அதே 1799ஆம் ஆண்டின் அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். இவ்வரலாற்றைப் பி.ஆர். பந்துலு 1959இல் திரைப்படமாக்கினார். சிவாசி கணேசனின் நடிப்பும் சக்தி கிருஷ்ணசாமியின் உரையாடலும் அப்படத்தைத் தமிழரின் கூட்டு நினைவில் நிலைநிறுத்தின. 1960இல் கெய்ரோ விழாவில் சிறந்த நடிகருக்கான விருதும் கிட்டியது.

அப்படத்தின் மையக்காட்சி வரியைப் பற்றியது என்பது நோக்கத்தக்கது. நிறுவன அதிகாரியின்முன் பாளையக்காரர் எழுப்பும் வினாக்கள், உழைப்பில் பங்கேற்காதவனுக்கு விளைச்சலில் பங்கு எதற்கு என்னும் அடிப்படை நியாயத்தைத் தொடுகின்றன. அந்த அளவில் அது கண்ணகியின் கேள்வியே. ஆனால் கதை நகர நகர அக்கேள்வி மானப் பிரச்சினையாகவும், பின் காட்டிக்கொடுத்தல் பிரச்சினையாகவும் சுருங்குகிறது. வி.கே. இராமசாமி ஏற்ற எட்டப்பன் பாத்திரம் வீழ்ச்சியின் முழுப்பொறுப்பையும் சுமக்கிறது. எட்டயபுரத்துக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் இடையே நிலவிய எல்லைப்பூசல்களும், பாளையங்களை ஒன்றோடொன்று மோதவைத்துப் பயனடைந்த நிறுவனத்தின் உத்தியும் பின்தள்ளப்படுகின்றன. இதன் விளைவாக எட்டப்பன் என்பது தமிழில் பொதுப்பெயராயிற்று. நிறுவனத்தைக் குறிக்க அத்தகைய பொதுப்பெயர் எதுவும் உருவாகவில்லை. மொழியில் நேர்ந்த இவ்வேற்றத்தாழ்வு கருத்தியலின் வெற்றியாகும்.

இது பந்துலுவின் குறைபாடு எனக் கொள்வது பொருந்தாது. அவரே 1961இல் கன்னடத்தில் ‘கித்தூர் சென்னம்மா’வையும் தமிழில் ‘கப்பலோட்டிய தமிழ’னையும் அளித்தார். பின்னைய படம் இங்குத் தனிக்கவனம் பெறுகிறது. அதில் மோதுவன அரசும் அரசும் அல்ல. நிறுவனமும் நிறுவனமும் ஆகும். 1906இல் வ.உ.சிதம்பரனார் தொடங்கிய சுதேசிக் கப்பல் நிறுவனத்தை வீழ்த்தப் போட்டி நிறுவனம் கையாண்ட வழி கட்டணக் குறைப்பு. 1908ஆம் ஆண்டுத் தூத்துக்குடி கோரல் ஆலை வேலைநிறுத்தம், தேசிய உணர்வு கூலிப் பிரச்சினையைச் சந்தித்த இடம். வ.உ.சி. அரசியலிலிருந்து விலகவேண்டும் என வற்புறுத்தியோருள் சுதேசி நிறுவனத்தின் பங்குதாரரும் இருந்தனர். அவர்களைத் துரோகிகள் என்று எளிதில் கூறிவிட இயலாது. தாம் இட்ட முதலைக் காக்க முனைந்தோர் அவர்கள். முதலின் தருக்கம் நாட்டுப்பற்றையும் மீறிச் செயற்படும் என்னும் கசப்பான உண்மைக்கு அருகில் சென்ற தமிழ்ப்படம் அது. வணிக அளவில் அப்படம் தோல்வியுற்றதும், துரோகியை முன்னிறுத்திய படம் பெருவெற்றி பெற்றதும் ஒருங்கு வைத்து எண்ணத்தக்கன.

துரோகியில்லாத வீழ்ச்சி

நிறுவனத்தின் செயற்பாட்டைத் துரோகியின் துணையின்றியே காட்டவியலும் என்பதற்குச் சத்யஜித் ராயின் ‘சத்ரஞ்ச் கே கிலாடி’ (1977) சான்றாகும். பிரேம்சந்தின் சிறுகதையை அடியொற்றிய இப்படம் 1856இல் அவத் இணைக்கப்பட்டதைக் கூறுகிறது. தொடக்கத்திலேயே அரசுகளைப் பழங்களாக விழுங்கும் கேலிச்சித்திர அசைவுப்படத்தின் வாயிலாக நிறுவனத்தின் பசி காட்டப்படுகிறது. இணைப்பை நடத்திவைக்கும் ஊட்ரம் கொடியவனாகப் படைக்கப்படவில்லை. முந்தைய உடன்படிக்கை மீறப்படுவது குறித்து அவனுக்கே உள்ளுறுத்தல் உண்டு. உறுத்தல் உள்ளவனும் ஆணையை நிறைவேற்றுகிறான். சதுரங்கத்தில் மூழ்கிய இரு பெருநிலக்கிழார்களும் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை, வெறுமனே விளையாடிக்கொண்டிருக்கிறார்கள்.

நல்லெண்ணமுடையோரும் சோம்பியோரும் தத்தம் இயல்பில் இருக்கும்போதே சுரண்டல் நிறைவேறிவிடுகிறது என்பதே இப்படம் உணர்த்தும் செய்தி. பார்வையாளனுக்கு வெறுக்க ஓர் ஆள் கிடைப்பதில்லை. எனவே அவன் தன் பங்கைப் பற்றி எண்ணவேண்டியவனாகிறான்.

கங்காணியும் மேற்பார்வையாளரும்

காலனியக் கதைகளின் துரோகி இக்காலத் தமிழ்ப்படங்களில் கங்காணியாகவும் மேற்பார்வையாளராகவும் மறுபிறவி எடுக்கிறான். பாலாவின் ‘பரதேசி’ (2013), பால் ஹாரிஸ் தானியேலின் ‘ரெட் டீ’ (1969) என்னும் ஆங்கில நாவலைத் தழுவியது. இந்நாவல் இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ எனத் தமிழில் அறியப்பட்டது. பஞ்சம் பிழைக்கத் தேயிலைத் தோட்டத்துக்கு அழைத்துச் செல்லப்படும் கிராமத்து மக்கள் முன்பணத்தாலும் கடன்கணக்காலும் கட்டுண்டுபோவதை அப்படம் காட்டுகிறது. ஒப்பந்தக்காலம் முடிந்து கணக்குப் பார்க்கும் காட்சி குறிப்பிடத்தக்கது. அங்கு வன்முறை சவுக்கின் வடிவில் வரவில்லை. கழித்தலின் வடிவில் வருகிறது. இறுதியில், நாயகன் யாருக்காகத் திரும்பிச் செல்ல ஏங்கினானோ அவளே குழந்தையுடன் புதிய கூலிகளுள் ஒருத்தியாக மலையேறி வருகிறாள். சுரண்டல் தனக்கு வேண்டிய ஆட்களைத் தானே மறுபடியும் உண்டாக்கிக்கொள்ளும் என்பதை உணர்த்தும் முடிவு இது.

எனினும் படத்தின் பிற்பகுதியில் கொள்ளைநோயைத் தொடர்ந்து வரும் மருத்துவரின் சமயப் பரப்புரை கேலிப்பொருளாக்கப்படுகிறது. தோட்ட நிருவாகத்தின்மீது குவிந்திருந்த பார்வை அங்கே சமயத்தின்மீது திசைமாறுகிறது. மூலநூலாசிரியர் தாமே தோட்டத் தொழிலாளரிடையே பணியாற்றிய மருத்துவர் என்பதை எண்ணும்போது இம்மாற்றம் மேலும் உறுத்துகிறது. செழியனின் விடை இங்கு வேறு வடிவில் நுழைந்துவிடுகிறது எனலாம்.

வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ (2010) சென்னை ரெங்கநாதன் தெருவின் பெருங்கடை ஒன்றில் பணியாற்றும் இளைஞர் வாழ்வைப் பேசுகிறது. நாளெல்லாம் நின்றே செய்யும் வேலை, நெரிசலான உணவுக்கூடம், படுக்கக்கூட இடமில்லாத விடுதி ஆகியன கடையின் ஒளிமிகுந்த முகப்புக்குப் பின்னால் இருப்பவை. மேற்பார்வையாளரின் கொடுமை மிகுத்துக் காட்டப்படுவதால் பார்வையாளரின் சினம் பெரும்பகுதி அவன்மீதே செலவாகிவிடுகிறது என்பது உண்மையே. ஆனால் மலிவான சேலையை நாடிவரும் வாடிக்கையாளர் கூட்டத்தையும் கேமரா இடைவிடாது காட்டுகிறது. அக்கூட்டத்தில் திரையரங்கில் அமர்ந்திருப்போரும் உண்டு. இந்த அறிதலை ஏற்படுத்துமிடத்தில் படம் தன் எல்லையைக் கடக்கிறது.

திரைக்குப் பின்னால் எரிந்தது

திரைப்படமும் ஒரு தொழில். அதற்கும் முதலும் கூலியும் உண்டு. சுரண்டலைச் சித்திரிக்கும் படைப்பு உருவாகும் களம் ஆய்வுக்கு அப்பாற்பட்டதன்று. பகவான் கித்வானியின் நாவலை அடிப்படையாகக் கொண்ட ‘தி சுவோர்ட் ஆஃப் திப்பு சுல்தான்’ தொலைக்காட்சித் தொடர் 1990இல் தூர்தர்சனில் ஒளிபரப்பாகத் தொடங்கியது. மீர் சாதிக்கின் துரோகத்தை இந்திய வீடுகள்தோறும் கொண்டுசேர்த்த தொடர் அது. அதற்கு முந்தைய ஆண்டு, 1989 பிப்ரவரி 8 அன்று, மைசூர் பிரீமியர் படப்பிடிப்புத் தளத்தில் இத்தொடரின் படப்பிடிப்பின்போது ஏற்பட்ட தீயில் 62 பேர் உயிரிழந்தனர். தீயணைப்பு ஏற்பாடுகளின் போதாமை, மின்கம்பி இணைப்புகளின் தளர்வு, காற்றோட்டமின்மை ஆகியன காரணங்களாக எடுத்துரைக்கப்பட்டன. இயக்கி நடித்த சஞ்சய் கானும் கடும் தீக்காயமுற்று நெடுங்காலம் மருத்துவமனையில் இருந்தார். அவரது மீட்சி பலராலும் பேசப்பட்டது. இறந்தோரின் பெயர்கள் பொதுநினைவில் தங்கவில்லை.

ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து சில கல் தொலைவில், ஸ்ரீரங்கப்பட்டணத்தின் கதையைப் படமாக்கும்போது நிகழ்ந்த இச்சாவுகளுக்கு மீர் சாதிக் யார்? அவ்வாறு ஒருவரைச் சுட்ட இயலாது. நெருக்கும் கால அட்டவணை, செலவுச் சிக்கனம், மேற்பார்வையின்மை, நாட்கூலியின் நிலையாமை ஆகியன ஒன்றுகூடுமிடத்தில் மனித உயிர் மலிவாகிவிடுகிறது. 2020 பிப்ரவரி 19 அன்று சென்னையை அடுத்த படப்பிடிப்புத் தளம் ஒன்றில் பாரந்தூக்கி சரிந்து மூவர் உயிரிழந்தமை, இச்சிக்கல் கடந்தகாலத்தது அன்று என்பதை நினைவூட்டும். துரோகிக்கதையைக் கேட்டுப் பழகிய சமூகம் இத்தகைய சாவுகளை விபத்து என்னும் ஒரு சொல்லால் கடந்துவிடுகிறது. குற்றவாளியின் முகம் இல்லாதபோது குற்றமே நிகழவில்லை எனக் கருதும் பழக்கம் இக்கதைகள் அளித்த பயிற்சியே ஆகும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. ஸ்ரீரங்கப்பட்டண வீழ்ச்சி 1800ஆம் ஆண்டு முதலே காட்சிச்சரக்காக மாறியது. வீரமும் துரோகமும் அக்காட்சியில் முதலிடம் பெற, வணிக நிறுவனத்தின் கணக்கு மறைக்கப்பட்டது.

2. மீர் சாதிக், எட்டப்பன், கங்காணி, மேற்பார்வையாளர் ஆகியோர் ஒரே கதைப்பணியை ஆற்றுகின்றனர். சுரண்டும் அமைப்பின்மீது எழவேண்டிய சினத்தை அவர்கள் தம்மேல் வாங்கிக்கொள்கின்றனர்.

3. இதற்கு விதிவிலக்கான தருணங்களும் உண்டு. வரிபற்றிய வினா, கப்பல் நிறுவனங்களின் போட்டி, சதுரங்கப் பலகை, தோட்டத்தின் கழித்தல் கணக்கு, கடைத்தெருக் கூட்டம் ஆகிய இடங்களில் திரைப்படம் அமைப்பைக் காணும் ஆற்றல் பெறுகிறது.

4. படத்தின் உள்ளடக்கத்தை மட்டுமன்றி அது உருவான உழைப்புச் சூழலையும் சேர்த்தே திரைப்படத் திறனாய்வு நிகழவேண்டும் என்பதை மைசூர்த் தீவிபத்து வலியுறுத்துகிறது.

துரோகிகள் வரலாற்றில் இல்லாமலில்லை. ஆனால் துரோகத்தை விலைகொடுத்து வாங்கும் ஆற்றல் யாரிடம் இருந்தது, அவ்விலை யாருடைய உழைப்பிலிருந்து வந்தது என்பன துரோகியின் பெயரோடு நின்றுவிடாத வினாக்கள். கையில் சிலம்புடன் அரசவை புகுந்தவள் பொற்கொல்லன் எங்கே என்று கேட்கவில்லை. தமிழ்த் திரைப்படமும் அதனை ஆராயும் திறனாய்வும் மீண்டும் கற்றுக்கொள்ள வேண்டியது அவள் எழுப்பிய கேள்வியையே ஆகும்.